நூல் பிடித்துச் செய்த யுகுலேலே

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை என் மனைவி சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், நானே சொன்னால் பரவாயில்லை. ராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் புதிதாகத் தேயிலைக் கண்டு, அதாவது நாற்று, நடுகிற மலைகளில் நூல் பிடித்துக் குச்சி அடிப்பது என் வேலை. நான் குச்சி அடித்த இடத்தில்தான் குழி வெட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் என் நிரை கோணியதாக ஒருவர் வாயைத் திறந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சங்கீத அறை என்று ஒன்றைக் கட்டினார்கள். திறக்க வந்த பெரிய மனிதர் நாடா வெட்டினார், மாலை போட்டுக்கொண்டார், வடை தின்றார், போனார். உள்ளே ஒரு மேசையும் நாலு கதிரையும் இருந்தன. வாத்தியம்? அது பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! புதிதாக வந்த சங்கீத மிஸ் யுகுலேலே சொல்லிக்கொடுத்தார். நாலு நரம்பு கட்டிய, கைக்குழந்தை அளவுக் கிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியம் உள்ள பிள்ளைகள் முன்வரிசையில் நின்று வாசிப்பார்கள். இல்லாத பிள்ளைகள் பின்னால் நின்று தாளத்துக்குக் கை தட்டுவார்கள். எட்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் ஒரு வருஷமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"பெற்றோர் தினத்துக்காவது முன்னுக்கு நிக்கணும்ப்பா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

வாங்கித்தர வக்கில்லை என்று சொல்ல எந்த அப்பனுக்கு நாக்கு வரும்? "கடையில விக்கிறதெல்லாம் ஒரு வாத்தியமா? நானே செஞ்சு தர்றேன், ஒனக்கும் தம்பிக்கும்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் செய்த ஒரே மரச்சாமான் கோழிக்கூடு. அதிலும் கோழி தங்கவில்லை.

உடம்புக்கு மெல்லிய பலகை வேண்டும். இப்போதெல்லாம் தேயிலை காகிதச் சாக்கில் போகிறது. முன்பு தேயிலை அனுப்பிய பலகைப் பெட்டி ஒன்று எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது, அதில் மனைவி சேலை வைத்திருந்தாள். அவள் கொழுந்து எடுக்கப் போன நேரம் பார்த்து அதைத் தட்டிப் பிரித்துவிட்டேன்.

"பொட்டியப் பிரிச்சாச்சு. இனி என் சேலைய எல்லாம் ஒங்க தலையிலயா அடுக்குறது?" என்று கேட்டாள். நான் பலகையிலிருந்து ஆணி பிடுங்குகிற வேலையைப் பார்த்தேன்.

கழுத்துக்குச் சவுக்கு மரம். நரம்பை முறுக்கும் முளைகளுக்கு, கவ்வாத்தில் கழித்துப்போட்ட தேயிலை மிலாறுக் குச்சி. நரம்புக்குத் தூண்டில் நைலோன். எல்லாம் சரி, பசைதான் காயவில்லை. எங்கள் மூடுபனியில் துவைத்த சட்டை காயவே மூன்று நாளாகும். கடைசியில் அடுப்புக்கு மேலே விறகோடு விறகாகத் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் காய்ந்தது. நிறம் மட்டும் கருவாடு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு கழுத்தில் குறுக்கே கம்பி பதிக்கிற வேலை. விரல் வைத்து அழுத்தினால் சுரம் மாறுவது அந்தக் கம்பிகளால்தான். பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வெட்டிப் பன்னிரண்டு துண்டு எடுத்தேன். நரம்பின் நீளத்துக்கு நூல் பிடித்து, அதை இரண்டாக மடித்து, பாதியில் கடைசிக் கம்பி. மீதிப் பதினொன்றுக்கும் சம இடைவெளியில் அடையாளம் போட்டேன். கையில் இருக்கிற தொழில், வேறு எப்படி வரும்?

மகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "அப்பா, இதுல பாருங்க, கம்பியெல்லாம் கீழ வர வர நெருக்கமா இருக்கு."

"அட மக்கு! படம் சாய்ச்சு எடுத்துருக்கான். எதிர்மலை நிரையப் பாரு, தூரத்துல நெருக்கமாத்தான் தெரியும். அதுக்காகக் கண்டை நெருக்கியா நட்டு வச்சிருக்கேன்?" என்றேன்.

அவள் போனை மூடிக்கொண்டாள். பன்னிரண்டையும் பதித்து முடித்தபோது, அடடா, என்ன நேர்த்தி! எனக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. அதனால் பார்க்க அழகாக இருந்தது கேட்கவும் அழகாகத்தான் இருந்தது.

கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிற எங்கள் லய வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கிற அண்ணன் வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார். முகத்தைச் சுளித்தார். "தம்பி, இதுல சுதி ஒரு மாதிரி நிக்குதே..." என்று இழுத்தார்.

"ஒங்க ஆர்மோனியப் பெட்டிக்குள்ள எலி குட்டி போட்டுருக்காம், மொதல்ல அதைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பிவைத்தேன். பொறாமை என்று நினைத்தேன். மகன் மட்டும் வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கிரிக்கெட் மட்டையாக்கினான். அதை ஒழுங்காகப் பயன்படுத்தியவன் அவன் ஒருவன்தான்.

மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அன்று மாலை, "மிஸ் என்னம்மா சொன்னாங்க?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"முன்னுக்கு நிக்கச் சொன்னாங்கப்பா" என்றாள்.

அவ்வளவுதான், என்னைப் பிடிக்க ஆள் இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் தினமும் என் வாத்தியப் புராணம்தான். இன்னும் நாலு பிள்ளைகளுக்குச் செய்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். மகள் வீட்டில் மட்டும் வாசிக்கவே இல்லை. கேட்டால் "பள்ளிக்கூடத்துல பழகிக்கிறேன்" என்றாள். பிள்ளைக்குக் கூச்சம் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

பெற்றோர் தினத்தன்று நாங்கள் மூன்று பேரும் போனோம். முதல் வரிசை பிரமுகர்களுக்கு என்று எழுதியிருந்தது. இந்தப் பிள்ளையின் அப்பனைவிடப் பிரமுகர் யார்? போய் உட்கார்ந்தேன், யாரும் எழுப்பவில்லை.

திரை விலகியது. முன்வரிசையில் எட்டுப் பிள்ளைகள். ஏழு பளபளக்கும் கடை வாத்தியம், நடுவில் என் கருவாடு. மிஸ் கையசைத்ததும் எட்டுக் கையும் சேர்ந்து இறங்கின. பாட்டு அருமையாக வந்தது. மனைவி என் கையைக் கிள்ளி, "நம்ம வாத்தியம் எப்படிக் கணீர்னு கேக்குது பாத்தீங்களா" என்றாள். பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

படம் பிடிப்பதற்காகப் போனை எடுத்து மகளின் கையைப் பெரிதாக்கினேன். இடது கை விரல்கள் ஒழுங்காக மாறி மாறி அழுத்தின. வலது கை தாளம் தவறாமல் மேலும் கீழும் போய் வந்தது. ஆனால் நரம்பில் படவில்லை. ஓர் அரிசி அளவு இடைவெளி விட்டு, காற்றில் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடப் படவில்லை. அப்படித் தொடாமல் வாசிக்க எத்தனை நாள் பழகியிருப்பாள்!

"ஆமா, கணீர்னுதான் இருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும்போது மனைவியும் மகனும் முன்னால் போய்விட்டார்கள். மகளிடமிருந்து வாத்தியத்தை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"நரம்பத் தொடக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்களாம்மா?"

அவள் நின்றாள். பிறகு நடந்தாள். "இல்லப்பா. இதைப் பாத்துட்டு, கை தட்டுற பிள்ளைங்களோட நில்லுன்னுதான் மொதல்ல சொன்னாங்க. நாந்தான், தொடாம நிக்கிறேன் மிஸ், எங்கப்பா வந்து முன்னுக்கு உக்காருவாங்கன்னு கெஞ்சிக் கேட்டேன்."

கொஞ்ச தூரம் ஏறினோம். யாரிடமும் கேட்டுப் பழகாத வாய், கேள்வி வெளியே வர நேரமெடுத்தது.

"எந்தக் கம்பிம்மா தப்பு?"

"எல்லாமேப்பா" என்றாள், யோசிக்கக்கூட இல்லை. நாலு எட்டு நடந்ததும் என்மேல் இரக்கம் வந்துவிட்டது போல. "கடைசிக் கம்பி மட்டும் சரிப்பா. ஆனா எந்தப் பாட்டும் அது வரைக்கும் போகாது."