பச்சைப் பொட்டு

தலைமைப் பண்புப் பயிற்சி என்று சென்னைக்கு ஐந்து நாள் போய்வந்தவள் நான். செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. ஏசி அறை, புரொஜெக்டர், மத்தியானம் ஐஸ்கிரீம். தலைக்கனத்தோடுதான் ஊர் திரும்பினேன். அங்கே சொன்னதில் என் மண்டையில் நின்றது ஒன்றே ஒன்று: குறையை எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தால் தானாகச் சரியாகிவிடும்.

மறுநாளே வராந்தாவில் சார்ட் ஒட்டினேன். ஆசிரியர்கள் பெயர், எதிரே தேதி. மணிக்கு முன்னால் வந்தால் பச்சை, பிந்தினால் சிவப்பு. அதற்கேற்ற ஸ்டிக்கர் கடைவீதியில் கிடைக்கவில்லை. ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கினேன். இரண்டு வாரம் ஆனதும் படம் எடுத்துப் பயிற்சிக்குழு வாட்ஸ்அப்பில் போட்டேன். பாராட்டு கொட்டியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கணக்கு டீச்சர் பக்கத்து ஊர் அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். எங்களிடமே எட்டாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். "எங்க பஸ்ஸு வர்றதே பெல்லு அடிச்சப்புறம்தான் மேடம். அதுக்கு முந்துனது விடியக்காலைல இருக்குது" என்றார். சாயங்காலம் கணக்கு வராத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆறு மணி பஸ் வரைக்கும் உட்கார்ந்திருப்பாரே, அதற்கு என் சார்ட்டில் கட்டமே இல்லை. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர்" என்றேன். பெரிய நீதிதேவதை!

ஒரு திங்கட்கிழமை பார்க்கிறேன், அவர் வரிசை முழுக்கப் பச்சை. நகத்தால் சுரண்டினேன்; அடியில் சிவப்பு. சுர்ரென்று ஏறியது. ஆசிரியர்களையெல்லாம் கூட்டி வைத்துக் கேட்டேன்.

"இன்னா டீச்சர் இது, சின்னப்புள்ள வேல?"

அவர் சார்ட்டைப் பார்த்தார். முகம் மாறியது. "நான்தான் மேடம் ஒட்டுனேன். மன்னிச்சிடுங்க."

விடவில்லை நான். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினேன். அதுவும் அத்தனை பேர் முன்னாலும்.

அன்று மத்தியானம் அவர் மகள் என் அறைக்கு வந்தாள். பாதி காலியான பச்சைப் பொட்டு அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"அம்மாக்குத் தெரியாது டீச்சர். சாய்ங்காலம் அவங்க கிளாஸ் எடுத்துக்கினு இருக்கசொல்ல நான்தான் ஒட்டுனேன். எல்லாரும் உங்கம்மா செவப்பு, உங்கம்மா செவப்புன்றாங்க."

அழவில்லை அவள். அந்த நிமிஷமே நான் எழுந்துபோய், அதே ஆசிரியர்கள் முன்னால் அந்தக் கடிதத்தைக் கிழித்திருக்க வேண்டும். "சரி, கிளாஸுக்குப் போ" என்றேன். தலைமையாசிரியையே தப்புப் பண்ணிவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். சீ, நானெல்லாம் ஒரு தலைமை! கோடை விடுமுறையில் டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. மகளும் டிசி வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் சார்ட்டைக் கிழித்தேன். ஆனால் நான் அனுப்பிய படம் பயிற்சியில் இன்னும் ஓடுகிறது. புதிதாக வரும் தலைமையாசிரியர்களுக்கு நல்ல உதாரணமாகக் காட்டுகிறார்களாம். போன வாரம் ஒருவர் நம்பர் வாங்கி போன் செய்தார்.

"சூப்பர் ஐடியா மேடம். அதுல ஒருத்தங்க வரிசை மட்டும் முழுசா செவப்பா இருக்குதே, அவங்க அப்புறம் சரியாயிட்டாங்களா?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆயிட்டாங்க சார்" என்றேன்.