பெரியப்பா கண்ணுக்கு ஊற்றிய பால்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஏரிக்கரையில் புதிதாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். பெண்கள் இங்கே துணி துவைக்கக் கூடாது, சோப்புத் தண்ணீரால் மீன் சாகிறது என்று எழுதியிருந்தது. கரையோரம் ஜிலேபிக் கெண்டையும் கட்லாவும் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. போர்டுக்குப் பின்னாலேயே ஒரு டிராக்டர் நின்றது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவருடைய ஆட்கள், கறிக்கடைக் கோழிக் கழிவை மூட்டை மூட்டையாகத் தண்ணீரில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூட்டையில என்னப்பா?” என்று கேட்டேன்.

“மீனுக்குத் தீனி, பாட்டி.”

“தின்னுட்டுத்தான் செத்துக் கிடக்குதா?”

“அதெல்லாம் இல்ல. பொம்பளைங்க சோப்புப் போட்டுப் போட்டுத்தான். போர்டு பாக்கலையா நீங்க?”

அதற்கு மேல் பேச எனக்கு வாய் வராது. எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன். கொள்ளிடம் பாலம் தாண்டியும் கோபம் ஆறவில்லை. பெண்களால்தான் மீன் சாகிறது என்று நான் மூன்றாவது படிக்கும்போதே ஊரில் சொல்லியாகிவிட்டது. அன்றைக்குப் போர்டு வேண்டியிருக்கவில்லை, பெரியப்பாவின் வாயே போதுமாக இருந்தது.

எங்கள் ஊர் திருவெள்ளறையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். சின்ன ஏரிதான். கோடையில் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கும். அதற்கு ஒரு நாள் குறித்து தமுக்கு அடிப்பார்கள். தமுக்கு அடித்த பிறகு அந்த நாள் வரை யாரும் வலை போடக் கூடாது, தூண்டில் போடக் கூடாது. பெண்கள் தண்ணீரில் காலே வைக்கக் கூடாது, தீட்டுப் பட்டுவிடுமாம். பெரியப்பாதான் ஏரிக்கு நாட்டாமை மாதிரி. அன்று காலையில் அவர் கரை மேல் நின்று வெள்ளைத் துண்டை வீசிக் காட்டினால்தான் ஆண்கள் இறங்குவார்கள். வலை இல்லாதவன் வேட்டியால் பிடிப்பான். அன்று சாயங்காலம் ஊரில் மீன் குழம்பு கொதிக்காத வீடு இருக்காது. வருஷத்தில் அந்த ஒரு நாளில் மட்டும் ஏழை வீட்டுக் குழம்பும் பணக்காரர் வீட்டுக் குழம்பும் ஒன்று போல மணக்கும்.

அந்த வருஷம் அத்தை பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. கைக்குழந்தைக்காரியிடம் துணி கொஞ்சமாகவா சேரும். தமுக்கு அடித்த பிறகும் ஒரு நாள் மதகுப் பக்கம் போனோம். குழந்தையை நான் வைத்துக்கொண்டேன். அத்தை கல்லின் மேல் நின்றபடியே குடத்தில் மொண்டு, கரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து துணியை அலசினாள். கால் தண்ணீரில் படவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மதகு ஓரத்தில் தண்ணீர் சிவந்து சுழன்றது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் விரால் குஞ்சு, குங்குமத்தைக் கரைத்துவிட்டது போல. அடியில் கறுப்பாகத் தாய் விரால் அசையாமல் காவல் நின்றது.

“பாருடி, அதுவும் பிள்ளை பெத்துக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கு,” என்றாள் அத்தை. “அதுக்கு யாரு பத்தியக் கொழம்பு வச்சுக் குடுக்குறாங்களோ.”

குஞ்சோடு இருக்கிற விராலை எங்கள் ஊரில் பிடிக்க மாட்டார்கள். அது சட்டம் இல்லை. ஆனாலும் பிடிக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் கரையில் சத்தம் கேட்டு ஓடினேன். ஏரி முழுக்க மீன் மிதந்தது. கெண்டை, கெளுத்தி, அயிரை, எல்லாம். மதகு ஓரத்தில் நேற்றுச் சிவப்பாகச் சுழன்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு ஏடாகப் படிந்திருந்தது. பெரிய விரால்களை மட்டும் காணோம். அதை ஒருவரும் கேட்கவில்லை.

அரசமரத்தடியில் ஆண்கள் கூடினார்கள். பெரியப்பா தலையில் துண்டைப் போட்டு, அதன் நுனியால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார். கண்ணில் தூசி என்றார். யாரோ ஒருவர், உங்க வீட்டுப் பொண்ணு மதகுப் பக்கம் வந்துச்சே, பச்சை உடம்புக்காரி என்று ஆரம்பித்தார். எல்லாரும் பெரியப்பா முகத்தைப் பார்த்தார்கள்.

அத்தை சற்றுத் தள்ளி எங்கள் அம்மாவோடு நின்றாள். “அண்ணே, நான் தண்ணியில கால் வைக்கலண்ணே. குடத்துல மொண்டுதான் அலசினேன்.”

“கால் வச்சியா கை வச்சியான்னு நான் வந்து பாத்தேனா? மீன் செத்துப் போச்சுல்ல,” என்றார் பெரியப்பா. பிறகு கூட்டத்தைப் பார்த்து, “எங்க வீட்டுப் பொண்ணுன்னா மட்டும் விட்டுருவேனா? தப்பு தப்புதான்,” என்றார்.

நியாயம்னா இதுதான் நியாயம் என்று கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். கூடப்பிறந்தவள் என்று பார்க்கவில்லையே, என்ன மனுஷன் என்று வெகுகாலம் பேசினார்கள். எங்கள் அப்பாவும் அங்கேதான் இருந்தார். காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

செத்த மீனையெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள் கூடையில் அள்ளிக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், அத்தை ஈரப் புடவையோடு கரைக் கோயிலைச் சுற்றி வர வேண்டும் என்று தீர்ப்பானது. குழந்தையைப் பூவரச மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, வெயிலில் குனிந்து குனிந்து அத்தை மீன் அள்ளினாள். ஊர்ப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். அப்போது பெண்கள் தண்ணீரில் கால் வைத்தது யாருக்கும் தீட்டாகப் படவில்லை.

நடுப்பகலில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கைக் கையில் கொடுத்தாள். “அத்தைகிட்ட போயி கொஞ்சம் பால் பீய்ச்சித் தரச் சொன்னேன்னு வாங்கிட்டு வா. பெரியப்பா கண்ணுக்கு. கையால மூடிக்கிட்டு வரணும், தெரிஞ்சுதா?”

நான் போய்ச் சொன்னேன். அத்தை கூடையை இறக்கி வைத்தாள். அவள் புடவையெல்லாம் செதில்.

“கண்ணுல என்னவாம்?”

“தூசியாம்.”

“எந்தக் கண்ணு?”

“ரெண்டு கண்ணும். வீங்கிப் போயி, தொறக்கவே முடியல. கையெல்லாம் கொப்புளம்.”

அத்தை சிரித்தாள். அழுது முகம் வீங்கியிருந்தவள் திடீரென்று அப்படிச் சிரித்தது எனக்குப் பயமாக இருந்தது. குடத்துத் தண்ணீரில் கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவினாள். மரத்துக்குப் பின்னால் போய்ச் சங்கு நிறையக் கொண்டுவந்து தந்தாள்.

“சிந்தாம கொண்டுபோ. நாளைக்கும் வேணும், நாளான்னைக்கும் வேணும். வந்து வாங்கிக்கச் சொல்லு உங்க பெரியப்பாவ.”

பெரியப்பா வரவில்லை. நான்தான் போனேன். கண் திறக்கிற வரைக்கும் தினமும் போனேன். கண் நன்றாகவே திறந்துவிட்டது. கடைசிவரை கண்ணாடி போடாமல் பஞ்சாங்கம் படித்தார் அவர். ஏரியில்தான் அடுத்த இரண்டு கோடைக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி மீன் இல்லை. அத்தை எப்போது ஊருக்கு வந்தாலும், மீனைக் கொன்னவ வந்துட்டா என்று விளையாட்டுக்குச் சொல்வது போலச் சொல்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

எனக்குக் கல்யாணமாகி, மூத்தவன் மடியில் பால் குடிக்கும் நாளில், பக்கத்து வீட்டுப் பையன் வேலியில் திருகுக்கள்ளியை ஒடித்துக் கண்ணில் பால் தெறித்து அலறினான். எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்கள். கள்ளிப்பாலுக்குத் தாய்ப்பால்தான் மருந்து என்றார்கள். அந்தப் பையனின் கண்ணில் பீய்ச்சும்போதுதான் எனக்குச் சங்கு ஞாபகம் வந்தது. மீன் செத்து மிதந்த அந்தக் காலையில் பெரியப்பா வயல் வேலியில் திருகுக்கள்ளி மொட்டையாக நின்றது ஞாபகம் வந்தது. கள்ளியை நசுக்கி ஏரியில் கரைத்தால் மீன் மயங்கி மேலே வரும். டவுனில் ஒரு பெரிய மனிதர் வீட்டு விருந்துக்கு விரால் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். குறித்த மீன் நாள் வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை. பெரிய விரால்களை அடைத்த, நீர் சொட்டும் சாக்கு ஒன்று அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே டவுனுக்குப் போய்விட்டதாம்.

அம்மாவிடம் கேட்டேன்.

“அப்பவே தெரியும்டி,” என்றாள். “பிள்ளை பெத்தவ எவளுக்குத் தெரியாது? தூசிக்கு யாராவது பால் கேப்பாங்களா? யாருகிட்ட போயிச் சொல்றது, சொல்லு. தீர்ப்புச் சொல்றவரே அவரு.”

அன்று நான் சங்கைக் கையால் மூடிக்கொண்டு கரை மேல் வந்தபோது, நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். என் கையைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். பிறகு ஒவ்வொருவராக ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள்.

கோயில் தீர்த்தம் கொண்டுபோகிறவளுக்கு ஒதுங்குவது போல எனக்கும் ஒதுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சொட்டு சிந்தாமல், தலையை நிமிர்த்தி, அவர்கள் நடுவில் நடந்து போனேன்.