முனியாண்டி தலையில் கட்டிய பழி

வலைப்பந்துத் திடலில் குமுதவல்லி திரும்புகிற வேகத்துக்குச் சுவா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தின் செம்பனை மரங்களும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். சரி, மிகைதான், மரம் சுற்றவில்லை. ஆனால் அவளை மறிக்க வந்தவர்கள் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்ததைத் தோட்டமே பார்த்திருக்கிறது.

போன வருடம் அந்தத் திருப்பத்தில்தான் இடது முட்டி போனது. யாரும் இடிக்கவில்லை. முழு ஓட்டத்தில் காலை ஊன்றித் திரும்பினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. நடுவில் மாட்டிய முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து, 'டப்'பென்று ஏதோ அறுந்தது.

பயிற்சியாளர் சசிதரன், செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவர், அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: "சப்பாத்தோட முனியாண்டி எல்லைய மிதிச்சிட்ட. சாமி அடிச்சிருச்சு." முனியாண்டி கோயில், திடலின் ஓரத்தில்தான் இருந்தது. அவளும் நம்பித் தேங்காய் உடைத்தாள், கோழி கொடுத்தாள், எண்ணெய் போட்டு உருவினாள். மூன்று மாதம் வீணான பிறகுதான் ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, முட்டியை உள்ளிருந்து பிடிக்கும் நார் அறுந்திருப்பதைக் காட்டினார்கள். அறுவை முடிந்தது, ஆட்டமும் முடிந்தது.

இன்று சாயங்காலம் திடலைக் கடந்தவள் காதில் அதே குரல் விழுந்தது. "கால ஆணி அடிச்சாப்ல ஊனு! பூசிங்! திரும்பு!" புதுப்பெண் மாதவி ஓடிவந்து அப்படியே ஊன்றித் திரும்பினாள். குமுதவல்லிக்கு உச்சந்தலை கொதித்தது. விந்தி விந்தி நடுத்திடலுக்கே போய்விட்டாள்.

"நிறுத்துங்கண்ணே! ஒங்க லோரிய முழு ஸ்பீட்ல ஓட்டியாந்து, முன்சக்கரத்த சிமெண்டுல பொதைச்சிட்டு பூசிங் பண்ணுவீங்களா? என்னா ஒடையும்?"

"லோரி வேற, காலு வேறலா."

"வேறதான். லோரிக்கு ஸ்பேர் பார்ட் கெடைக்கும்! சின்னச் சின்ன எட்டு வச்சு வேகத்தக் கொறைக்கணும். முட்டிய மடக்கி ஒடம்ப எறக்கணும். பாதமும் சேந்து திரும்பணும். இத ஆஸ்பத்திரிக்காரன் எனக்குச் சொல்றான், அறுத்துத் தச்ச பொறவு! நீங்க என்னடான்னா பழிய முனியாண்டி தலையில கட்டிட்டீங்க. அவரு வாயத் தொறக்க மாட்டாருன்னு தைரியம்!"

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சசிதரன் முகம் கறுத்தது.

"பன்னண்டு வருசமா இதத்தான் சொல்லித் தர்றேன். ஒனக்கு ஒருத்திக்குத்தான் இப்படி ஆச்சு. கோளாறு ஒங்கால்ல. மாதவி, நீ ஓடு!"

மாதவி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கோட்டோரம் தண்ணீர் வாளியோடு நின்ற திலகா, அவரிடம் முதல் ஆளாக ஆடப் பழகியவள், வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தி இல்லண்ணே, மூணு பேரு. நானும் எங்கூட ஆடுன ஜெனவீவும் முட்டி போனத மறைச்சு, கல்யாணம்னு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டு ஆட்டத்துலருந்து நின்னுக்கிட்டோம்."