காலால் பார்த்து வாங்கியவர்

புது வீட்டு ஹாலுக்குக் கையால் நெய்த தரைவிரிப்பு வாங்க தருமபுரியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தக்காளிக் கறை படிந்த வெள்ளைச் சட்டையோடு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்களை மூடியபடி ஒவ்வொரு விரிப்பின் மீதும் நடந்துகொண்டிருந்தார்.

"கலரைப் பார்க்காம வாங்கறீங்களே?" என்று சிரித்தேன்.

"கண்ணு போயிட்டு இருக்குதுங்க. இன்னும் ஆறு மாசந்தான் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் வூட்ல எந்த ரூம்ல நிக்கறேன்னு காலுதானுங்க சொல்லணும். அதான் ரூமுக்கு ஒரு தினுசா போடப்போறேன்."

சொரசொரப்பான கம்பளி விரிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இதே தினுசுல நல்ல கலரா ஒண்ணு நீங்க சொல்லுங்க. தெரியற வரைக்கும் பார்த்துக்கறேன்."

எதையோ காட்டினேன். அது என்ன நிறம் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.