பந்தல்காரரிடம் சொன்ன சொல்

என் தம்பி இறந்த செய்தியை அவன் மனைவி கேட்கக் கூடாத விதத்தில் கேட்டதற்குக் காரணம் நான். அவளிடம்கூட நான் சொல்லவில்லை. பந்தல்காரரிடம் சொன்னேன், அவள் காதில் விழுந்தது.

பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 'பாடி' என்ற சொல்லை வகுப்பில் விரிவாக நடத்துவேன். கடிதத்தின் நடுப்பகுதி அது, 'வாட்டர்' முன்னால் சேர்ந்தால் ஏரி குளம் அது, ஊரை நிர்வகிக்கும் குழுவும் அதுதான் என்பேன். பையன்கள் தங்கள் பங்குக்கு லாரிக்குக் கட்டும் பாடியையும் ஜிம்மில் ஏற்றும் பாடியையும் சொல்வார்கள். பிணம் என்ற பொருளை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் முதல் கேள்வியே "பாடி எப்ப எடுக்குறாங்க?" என்பதுதான்.

தம்பிக்கு நெஞ்சுவலி வந்து, காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். கூடப் போன அவன் மகன் எனக்கு போன் செய்தான்.

"பெரியப்பா, அப்பா வழியிலயே போயிட்டாருங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நான் வந்து சொல்லிக்கிறேன்."

கோட்டுச்சேரியில் உள்ள தம்பி வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்றே பந்தல்காரரை அழைத்தேன்.

"பாடி இருட்டுறதுக்குள்ள வந்துரும். ஐஸ் பெட்டி அதுக்கு முன்னாடி வந்தாகணும்."

"சாமியானா பெருசாங்க, சின்னதாங்க சார்?"

பதில் சொல்லத் திரும்பினேன். ஈரக்கையோடு தம்பி மனைவி நின்றிருந்தாள்.

"யாரு பாடி, மாமா?"

போனில் பந்தல்காரர் "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"காலையில சட்டைய மாட்டிக்கிட்டுத் தானா நடந்துபோயி வண்டியில ஏறுனாரே, அந்த மனுசனா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடப் பிறந்தவன் செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தம்பி என்ற சொல் என் வாயில் வரவில்லையே!

கருமாதி முடிந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எப்படியும் தெரிஞ்சிருக்கும் மாமா. புள்ள வாயால கேட்டிருந்தா அவனைக் கட்டிப்புடிச்சு அழுதிருப்பேன். அவன் வந்தப்ப எனக்கு அழக்கூடத் தெம்பு இல்ல. அவன் தனியா நின்னான்."

மகனிடமும் கேட்டேன். "விடுங்க பெரியப்பா" என்றான். அன்று வழியெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறான்.

இருவரும் மரியாதை குறைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் "வாங்க" என்கிறார்கள். ஆனால் தம்பி மகனுக்குப் பெண் குழந்தை பிறந்ததை ஒரு மளிகைக்கடையில் யாரோ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.