ஸ்ட்ரெச்சர் நுழையாத வீடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழையில், அரியலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சொல்லக் கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. காலி பாட்டில், ஜவுளிக்கடைப் பை, பழைய கல்யாணப் பத்திரிகை, ஓடாத மிக்ஸி, தெருவில் யாரோ வீசிய ஓட்டைக் குடம்கூட வீட்டுக்குள் வந்துவிடும். ஒன்றை எறிய எடுத்தாலும் மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவேன். கட்டிலும் நிறைந்த பிறகு நானும் வீட்டுக்காரரும் அடுப்படியில் பாய் விரித்துப் படுத்தோம். பெரம்பலூரில் கட்டிக்கொடுத்த மகள் கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளையைக் கிடத்த இடமில்லாமல் அன்றைக்கே பஸ் ஏறிப் போனவள், அப்புறம் வரவே இல்லை. அவர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று மத்தியானம் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு வாய் கோணியது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர்தான் வாசலைத் தாண்டவில்லை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் வழி இருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரரும் மூட்டைகளை இழுத்து மழையில் வீசத் தொடங்கினார்கள்.

நான் கத்தினேன். "ஐயோ, அதை வெளிய போடாதீங்க, நனைஞ்சுடும்!"

கத்தியதோடு நிற்கவில்லை. ஒரு பையைப் பிடித்து இழுத்தேன். ஆம்புலன்ஸில் வந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, உள்ள கெடக்கறது உங்க வூட்டுக்காரருதானே?"

அவர் கண் திறந்துதான் இருந்தது. எல்லாம் அவர் காதில் விழுந்தது.

வழி உண்டாக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. உயிர் தப்பியது, வலது கை விளங்காமல் போனது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் கையும் தப்பியிருக்கலாம் என்றார் டாக்டர்.

செய்தி கேட்டு ஓடிவந்த மகள்தான் என்னை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். இது கஞ்சத்தனமும் இல்லை, சோம்பலும் இல்லை, ஒரு நோய் என்றார் அந்த மருத்துவர். ஒரேயடியாக அள்ளிக் கொட்டினால் சரியாகாது, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பழக வேண்டுமாம். வாரத்துக்கு ஒரு பை விடுகிறேன். ஒவ்வொரு தடவையும் அழுகிறேன்.

ஒருநாள் சோறு ஊட்டும்போது அவரிடம் கேட்டேன். "ஏங்க, ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்ல?"

அவர் குழறிக் குழறிச் சொன்னார். "இப்பத் திட்டி... என்னா ஆவப்போவுது."

நோய் என்று தெரிந்ததில் எனக்கு ஆறுதல்தான். ஆனால் அன்று கத்தியது நோய், நான் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.