வலக்கையில் சங்கு

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன்:
1. இன்று நான் கண்டது.
2. அது ஏன் பெரிய தவறு.
3. இனி ஏன் நான் உளியைத் தொடக் கூடாது.

பொழுதுபோக்காக மரக்கட்டையில் படம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுப்பேன். போன வாரம் எடுத்த வரதராஜப் பெருமாளை மாடி வீட்டுக் கஸ்தூரி ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனாள்.

இன்று காலை அங்கே போனால், பூஜை அறையில் சட்டம் போட்டு, பூமாலை சாத்தி வைத்திருக்கிறாள்.

கும்பிடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. சக்கரம் இருக்க வேண்டிய வலக்கையில் சங்கு! அச்சில் இடம் வலமாகும் என்பதை மறந்து, கட்டையில் நேராகவே செதுக்கியிருக்கிறேன். அதுவும் அவர் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு!

"கை மாறிப்போச்சும்மா. அதைத் திருப்பிக் கொடுத்துடு" என்றேன்.

"இன்னா சார் சொல்றீங்க? எங்க அம்மா ஊரு திருக்கோவிலூர். அங்க பெருமாளுக்கு வலது கையிலதான் சங்கு. எனக்காகவே செதுக்கினீங்கன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணி சொல்லிக்கினு இருக்கேன்!"

"அந்தப் பெருமாள் ஒரு காலைத் தூக்கிண்டு நிப்பாரேம்மா?"

"கால் வலிச்சு இறக்கிட்டாருன்னு வச்சிக்கலாம் சார். படத்த மட்டும் கேக்காதீங்க."

வீட்டுக்கு வந்து கட்டையை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் அம்மா வீட்டிலும் ஒரு படம் கேட்கிறார்களாம். அதே கட்டையில் அச்செடுத்துக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. மூன்றாவதைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன்.